பர்லியார் மேட்டில் நின்ற பட்டறை: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 மே மாதம் ஒரு முகூர்த்த நாள். குன்னூரில் என் மனைவியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்தாயிற்று, வண்டியில் ஏழு பேர், பின்னால் சீர்த்தட்டு, இரண்டு வாழைத்தார். மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு வரை வண்டி நன்றாகத்தான் போனது. மலை ஏற ஆரம்பித்ததும் சீசன் நெரிசல். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமாக ஊர்ந்தோம். ஏசி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பர்லியாருக்குச் சற்று முன்னால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி ஏறியது. ஏசியை அணைத்தேன். இரண்டு வளைவு கழித்துப் பார்த்தால் முள் சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. "பாத்தியா, ஏசியை நிறுத்துனதும் கொறஞ்சுருச்சு" என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குத்தான் இந்தக் கட்டுரை.

பின்னணி

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் லேத் வேலை தெரிந்தவனுக்கு, தன் வீட்டுப் பின்கட்டில் சொந்தமாக ஒரு பட்டறை என்பது ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் ஆசை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்து மில்களும் மோட்டார் கம்பெனிகளும் பெருகியதிலிருந்து இது இப்படித்தான். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சில தெருக்களில் நடந்தால் முன்வாசலில் கோலம் இருக்கும், பின்வாசலில் லேத் சத்தம் கேட்கும். என் அப்பாவும் மற்றவர் பட்டறையில் நின்றே வேலை பார்த்தவர். நான் கம்பெனியில் நிற்கிறேன். ஓய்வுக்கு முன்னால் நமக்கென்று ஒன்று என்று முடிவு செய்து, 2022 ஜனவரியில் சேமிக்க ஆரம்பித்தேன்.

திட்டம் எளிமையானது. வீட்டுக்குப் பின்னால் பத்துக்குப் பதினாறு அடி இடம். தளம் போட 40,000 ரூபாய், ஆங்கிள் அடித்து ஷீட் கூரையும் பக்கச் சுவரும் 85,000, வயரிங் 25,000, பழைய நாலரை அடி லேத் 1,05,000, மேஜை, பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ், பென்ச் கிரைண்டர், டிரில்லிங் மெஷின் எல்லாம் சேர்த்து 40,000. மொத்தம் 2,95,000.

இதற்கு இரண்டு வழியில் காசு. தபால் நிலைய ஆர்.டி.யில், அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில், மாதம் 3,000. அப்போது வட்டி 5.8 சதவீதம், ஐந்து வருடம் முடிந்தால் 2,09,000 சொச்சம் வரும். அப்புறம் 2024 செப்டம்பரில் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர், இருபது மாதம், மாதம் 5,000, கழிவு போகத் தவணை. பதிவு செய்த சீட்டு, கமிஷன் 5 சதவீதம். கடைசி வரை ஏலம் கேட்காமல் இருந்தால் 95,000 கைக்கு வரும். ஆக 2026 ஏப்ரலில் சீட்டுப் பணத்தில் லேத், 2027 தொடக்கத்தில் ஆர்.டி. பணத்தில் கொட்டகை. நோட்டுப் புத்தகத்தில் நாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். மேஜையின் உயரம், வைஸ் எந்த மூலையில், வெளிச்சம் எந்தப் பக்கம், எல்லாம் அதில் இருந்தது.

வாசலில் நிற்கும் வண்டியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வண்டி 2012 மாடல் டீசல், ஏழு பேர் உட்காரலாம், 1,40,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டாம் கையாக வாங்கியது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை, நடந்தது வண்டியின் குற்றமும் இல்லை.

சொட்டு

2025 ஜனவரியில் ஒருநாள் பானெட்டைத் திறந்தபோது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டப்பாவில் அளவு குறைந்திருந்தது. கையில் கூலன்ட் இல்லை. தோட்டத்துக் குழாயைப் பிடித்து அரை லிட்டர் ஊற்றினேன். அது போர் தண்ணீர். எங்கள் வீட்டில் பாத்திரம் காய்ந்தால் வெள்ளையாகப் படியும் தண்ணீர். பதினைந்து நாள் கழித்து மறுபடி அரை லிட்டர். மார்ச்சில் வாரத்துக்கு ஒரு லிட்டர்.

மூடி இறுக்கமாக இருக்கிற கூலிங் சிஸ்டத்தில் தண்ணீர் குறையவே கூடாது. வெப்பத்தில் விரிந்தால் டப்பாவுக்கு வரும், ஆறினால் திரும்பப் போகும், அவ்வளவுதான். குறைகிறது என்றால் எங்கேயோ வெளியே போகிறது, அல்லது எஞ்சினுக்குள்ளேயே போகிறது. தினமும் பம்ப் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். தெரிந்தே ஊற்றினேன், சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று. எத்தனை சனிக்கிழமை போயிற்று என்று எண்ணவில்லை.

வண்டிக்கு அடியில் சொட்டு விழுவதை முதலில் பார்த்தது என் மனைவி. காலையில் வாசல் தெளிக்கும்போது. "ஏங்க, அடியில ஈரமா இருக்குதுங்க, நேத்தும் இருந்துச்சு" என்றாள். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். நிறமே இல்லை. ஏசி தண்ணி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மொத்தச் செலவும் இங்கேதான் பிறந்தது. கூலன்ட்டுக்குப் பச்சையோ சிவப்போ நிறம் கொடுப்பதில் ஒரு காரணம் இதுதான்: கசிந்தால் கண்ணில் படட்டும் என்பது. நான்கு மாதம் போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி அந்த நிறத்தை நானே வெளுத்துவிட்டேன். கசிவு இருந்தது, அதன் அடையாளத்தை அழித்தவன் நான். இரண்டாவது, ஏசி தண்ணீர் ஏசி ஓடிய கொஞ்ச நேரத்துக்குள் சொட்டி நின்றுவிடும், பெரும்பாலும் முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருபவரின் காலடிக்கு நேராக விழும். இது விடிய விடிய நின்ற வண்டியில், எஞ்சினின் பெல்ட் பக்கத்துக்குக் கீழே விழுந்திருந்தது. எங்கே விழுகிறது, எப்போது விழுகிறது என்ற இரண்டு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும்.

வாட்டர் பம்ப்பின் உடலில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டும்படி வைத்திருப்பார்கள். சொட்டினால் பம்ப் தன் ஆயுள் முடிகிறது என்று சொல்கிறது என்று பொருள். எங்கள் கம்பெனிப் பம்ப்பில் ஷாஃப்ட் பக்கம் ஒரு துளி வந்தால் டெஸ்ட் பெட்டிலிருந்தே திருப்பி அனுப்புவோம். என் வண்டிப் பம்ப் நான்கு மாதம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஜனவரியிலேயே மாற்றியிருந்தால் பம்ப் 3,400, கூலன்ட் 2,400, கூலி ஒரு 2,000. எட்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும்.

மேட்டில் நடந்தது

முள் ஏன் இறங்கியது? டெம்பரேச்சர் சென்சார் தண்ணீருக்குள் முங்கியிருக்கும் வரைதான் சரியாகச் சொல்லும். தண்ணீர் மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால், அது ஆவியிலும் காற்றிலும் நிற்கும். முள் கீழே வரும். எஞ்சின் ஆறிவிட்டதாக நாம் நினைப்போம். உண்மையில் அப்போதுதான் அது வெந்துகொண்டிருக்கும். நான் பெருமையடித்துக்கொண்டு ஓட்டிய அந்த இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பகுதி, வளைந்தது.

பர்லியாருக்கு அருகே இழுவை போய், வண்டி தடதடத்து நின்றது. பானெட் இடுக்கில் ஆவி. இனிப்பான ஒரு வாசம். அத்தை சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "முகூர்த்தத்துக்குப் போயிருவமாங் மாப்ள?" என்று மட்டும் கேட்டார். மேலே போகிற ஒரு வாடகை வண்டியை நிறுத்தி, 2,800 ரூபாய் பேசி எல்லோரையும் ஏற்றி அனுப்பினேன். நான் வண்டியோடு தங்கினேன். கல்யாணச் சாப்பாடு எனக்கு இல்லை.

சாலையோர உதவிக்கான கூடுதல் இன்சூரன்ஸ் போன வருடப் புதுப்பித்தலில் சில நூறு ரூபாய் மிச்சப்படுத்த நானே எடுத்துவிட்டிருந்தேன். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இழுத்து வர 6,500 ரூபாய். இன்சூரன்ஸ் முழுப் பாலிசிதான், ஆனால் அது விபத்துக்கும் திருட்டுக்கும். தேய்மானத்தாலும் இயந்திரக் கோளாறாலும் வருவது பாலிசியிலேயே விலக்கப்பட்டிருக்கிறது. ஏஜென்டைக் கூப்பிட்டுக் கேட்டேன், அவர் சிரிக்காமல் பதில் சொன்னதே பெரிய விஷயம்.

பிரித்துப் பார்த்தபோது

எங்கள் பகுதி மெக்கானிக் வயதில் என்னைவிடச் சின்னவர். ரேடியேட்டர் அடி டியூபைக் கழற்றி, வந்ததை ஒரு கிண்ணத்தில் பிடித்துக் காட்டினார். "ஏனுங்ணா, இதுல கூலன்ட்டே இல்லீங்க. கொழாத் தண்ணிதான் இருக்குது." கிண்ணத்தின் அடியில் துருவும் சுண்ணாம்பும் டீத்தூள் மாதிரி தங்கியிருந்தது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோர் ஆடை போல வெளுப்பாக ஒட்டியிருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்ததற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது.

"முப்பத்தஞ்சு, நாப்பதுக்குள்ள முடிச்சர்லாங்ணா" என்றார். இந்த மாதிரி வேலையில் முதலில் சொல்லும் தொகை பிரிப்பதற்கு முன்னால் சொல்லும் தொகை. அவர் ஏமாற்றவில்லை. மூடிய எஞ்சினைப் பார்த்து யாரும் அதற்கு மேல் சொல்ல முடியாது. ஆனால் நான் அந்த எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதையே முடிவான கணக்காக மனைவியிடம் சொன்னேன்.

ஹெட்டைக் கழற்றிய அன்று கம்பெனியிலிருந்து நேர் பார்க்கும் பட்டையான ஸ்ட்ரெய்ட் எட்ஜும், இடைவெளி அளக்கும் மெல்லிய உலோகத் தாள்கள் கொண்ட ஃபீலர் கேஜும் கேட்டு வாங்கிப் போனேன். இந்த வேலை மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ஹெட்டைக் குப்புறப் போட்டு, முகத்தைத் துடைத்து, குறுக்காக ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்து அடியில் தாளைச் செருகினேன். 0.05 மில்லிமீட்டர் தாள் போனது. 0.10 போனது. இரண்டாம், மூன்றாம் சிலிண்டருக்கு நடுவே 0.15 தாளும் லேசாக உரசிக்கொண்டு உள்ளே போனது. மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தார். நான் தாளை மடித்துப் பையில் போட்டேன்.

அலுமினிய ஹெட் 0.15 வளைந்தால் கேஸ்கெட் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஃபேசிங் செய்ய வேண்டும், அதாவது முகத்தைச் சீவிச் சமமாக்க வேண்டும். டீசலில் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. முகத்தைச் சீவச் சீவ வால்வுகள் பிஸ்டனுக்கு அருகே வரும். டீசலில் அந்த இடைவெளி முன்பே மிகக் குறைவு. அதனால்தான் சில எஞ்சின்களுக்கு ஹெட்டைச் சீவவே கூடாது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். கேஸ்கெட்டும் டீசலுக்குப் பல தடிமனில் வரும், ஓரத்தில் உள்ள வெட்டுக்களின் எண்ணிக்கையை வைத்து எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் எஞ்சினுக்குக் கொஞ்சம் சீவலாம் என்று இருந்தது. கணபதியில் ஒரு பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்து, வெடிப்பு இல்லை என்று உறுதியானதும், தேவையான அளவு மட்டும் எடுத்தார்கள். டயல் கேஜ் வைத்து வால்வு ஆழத்தையும் பிஸ்டன் எவ்வளவு மேலே வருகிறது என்பதையும் நானே அளந்தேன். தடித்த கேஸ்கெட் போட முடிவு செய்தோம்.

ஹெட் போல்ட்டில்தான் எனக்கும் மெக்கானிக்குக்கும் ஒரு சிறு வாக்குவாதம். பழையதையே போடலாம், நல்லாத்தான் இருக்கு என்றார். இந்த வகைப் போல்ட் இறுக்கும்போதே கொஞ்சம் நீளும்படி செய்தது. ஒருமுறை நீண்டது மறுமுறை அதே பிடிப்பைத் தராது. பழைய ஒன்றையும் புதிய ஒன்றையும் வெர்னியரில் அளந்து காட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. புதுப் போல்ட் செட் 2,200 ரூபாய். அறுபதாயிரத்துக்கு மேல் போன வேலையில் நான் மனம் கோணாமல் கொடுத்தது இந்தக் காசு ஒன்றுதான்.

முடிந்தது முடிந்தபடி: வாட்டர் பம்ப் 3,400, ரேடியேட்டர் 6,800, தெர்மோஸ்டாட் 1,900, கேஸ்கெட் செட் 5,600, போல்ட் 2,200, டெஸ்ட்டும் ஃபேசிங்கும் 3,500, வால்வு சீலும் லேப்பிங்கும் 3,200, கூலன்ட் 2,400, ஆயிலும் ஃபில்டரும் 3,300, ஹோஸ், கிளிப் 2,100, பெல்ட் 1,500, கூலி 18,000. எல்லாம் மாட்டி ஓடவிட்டபோது ரேடியேட்டர் ஃபேன் விட்டுவிட்டுச் சுற்றுவது தெரிந்தது, அதற்கு 4,700. இழுவை வண்டி 6,500. ஆக 65,100 ரூபாய். மாற்றிய ஸ்பேர்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்போது 28 சதவீத ஜி.எஸ்.டி.; செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. கொஞ்சம் தாமதமாகக் கெட்டிருந்தால் ஆயிரமாவது மிச்சமாகியிருக்கும் என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார்.

விற்றிருக்கலாமா

இதைக் கேட்காதவர் இல்லை. பதின்மூன்று வருட வண்டிக்கு இத்தனை செலவா, தள்ளிவிட்டிருக்கலாமே என்று. நானும் யோசித்தேன். ஹெட் கழன்ற நிலையில் ஒரு பழைய வண்டி வியாபாரி 1,10,000 கேட்டார். ஓடுகிற நிலையில் அதே மாடலுக்கு அவரே 2,40,000 வரை தருவதாகச் சொன்னார். 65,000 போட்டால் 1,30,000 கூடுகிறது. இதுவரை வண்டிக்குப் போட்டது எவ்வளவு என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அது போனது போனதுதான். இனிமேல் போடுவதற்கு என்ன வரும் என்பதே கேள்வி. அப்படிப் பார்த்தால் ரிப்பேர் செய்தது சரி. விற்பதாக இருந்தாலும் ரிப்பேர் செய்த பிறகே விற்க வேண்டும்.

ஆனால் ஒரு கெடு இருக்கிறது. 2027இல் ஆர்.சி. பதினைந்து வருடம் முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் வண்டியைக் காட்டித் தகுதிச் சான்று வாங்க வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணமே 5,000. புதுப்பித்தால் ஐந்து வருடம். அந்த முடிவை அப்போது எடுக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

வண்டி பத்தொன்பது நாள் மெக்கானிக்கிடம் நின்றது. நான் பஸ்ஸில் வேலைக்குப் போனேன். மனைவிக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. அந்தப் பத்தொன்பது நாளில் டீசல் செலவு பூஜ்யம். பெரிதாக எதுவும் நின்றுபோகவில்லை என்பது கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது.

காசு எங்கிருந்து வந்தது

நான் செய்த பெரிய தவறு ரிப்பேரில் இல்லை, இங்கேதான்.

கையிருப்பு பன்னிரண்டாயிரம். மெக்கானிக்குக் காசு கொடுக்க வேண்டும். யாரிடமும் கடன் வாங்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. சீட்டு இருக்கிறதே, அது நம் காசுதானே, கடன் இல்லையே என்று ஜூன் மாத ஏலத்துக்குப் போனேன். அது பத்தாவது மாதம். ஜூன் மாதம் எப்படிப்பட்ட மாதம் என்று சீட்டுப் போடுகிற எவரையும் கேளுங்கள். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், ஃபீஸ் கட்ட வேண்டும், எடுக்க வேண்டிய அவசரம் எல்லோருக்கும். என்னோடு நாலு பேர் கேட்டார்கள். பதினைந்தாயிரத்தில் ஆரம்பித்த தள்ளு, அதாவது எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை, இருபதாயிரத்தைத் தாண்டியது. 24,000 தள்ளி எடுத்தேன். கைக்கு வந்தது 76,000.

கடைசி வரை இருந்திருந்தால் 95,000. வித்தியாசம் 19,000. பத்து மாதம் முன்னதாக 76,000 கையில் வாங்குவதற்கு நான் கொடுத்த விலை அது. பத்து மாதத்துக்கு 25 சதவீதம்; வருடக் கணக்கில் 30 சதவீதம். தெருமுனைக் கந்துவட்டிக்காரரிடம் போயிருந்தால் வீட்டில் சண்டை வந்திருக்கும். சீட்டு என்பதால் யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் நல்ல பிள்ளையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்டோபரில் ஆர்.டி. தவணை கட்டத் தபால் நிலையம் போனபோது, முன்னால் நின்ற ஒரு பெரியவர் ஆர்.டி.மேல் கடன் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தெரிந்தது. பன்னிரண்டு தவணை கட்டி ஒரு வருடம் முடிந்தால், கணக்கில் உள்ளதில் பாதி வரை கடன் தருவார்கள். வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூட. எனக்கு 7.8 சதவீதம். ஜூனில் நான் 42 தவணை கட்டியிருந்தேன், 1,26,000 ரூபாய். பாதி 63,000. எனக்குத் தேவைப்பட்டதே 65,100. பத்து மாதத்துக்கு வட்டி 4,100 ரூபாய் அளவில் வந்திருக்கும். சீட்டு அப்படியே தொடர்ந்து ஏப்ரலில் 95,000 ஆகியிருக்கும்.

பத்தொன்பதாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவே உள்ள பதினைந்தாயிரம், கடன் என்ற சொல்லுக்கு நான் பயந்ததற்குக் கட்டிய அபராதம். சீட்டை முன்னால் எடுப்பதும் கடன்தான், பெயர்தான் வேறு. இதை எனக்கு யாராவது மே மாதமே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் யாரிடமும் கேட்கவில்லை. மிச்சமான பத்தாயிரத்துச் சொச்சமும் பட்டறைக்குப் போகவில்லை. கையில் இருந்தது, கரைந்தது.

டேஷ்போர்டு ரசீதுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டுக்குள் கிடந்த ரசீதுகளை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பினேன். சர்வீஸ், இன்சூரன்ஸ் தவிர, ஐந்து வருடத்தில் "திடீர்" என்று வந்தவை மட்டும்: நான்கு டயர் 18,000, கிளட்ச் செட் 14,000, சஸ்பென்ஷன் புஷ் 9,000, பிரேக் வேலை 6,500, பேட்டரி 5,500. இந்த ஹெட் வேலைக்கு முன்னாலேயே 53,000. அறுபது மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 880 சொச்சம். ஹெட்டையும் சேர்த்தால் 1,18,100, மாதம் 1,970.

இவற்றில் எது எதிர்பாராதது? டயர் தேயும் என்று தெரியாதா, கிளட்ச் எரியும் என்று தெரியாதா? தேதி மட்டும்தான் தெரியாது. ஒவ்வொரு முறையும் இந்தக் காசு வீட்டுச் செலவிலிருந்தோ போனஸிலிருந்தோ போனது, அதனால் பட்டறைக் கணக்கில் அடி விழவில்லை, எனக்கும் தெரியவில்லை. பட்டறைக்கு மாதம் எட்டாயிரம் ஒதுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, உண்மையில் என்னால் ஒதுக்க முடிந்தது ஆறாயிரம். மீதி இரண்டாயிரம் முதலிலிருந்தே வண்டியுடையது.

இப்போது அந்த இரண்டாயிரம் தனிக் கணக்கில் போகிறது, வண்டி நம்பரின் கடைசி நாலு எண்ணைப் பெயராக வைத்து. மனைவிதான் அந்த பாஸ்புக்கை வைத்திருக்கிறாள். என்னிடம் கொடுத்தால் வைஸ் வாங்கிவிடுவேன் என்கிறாள்.

பட்டறை

லேத்துக்கு முன்பணம் கொடுத்து வைத்திருந்தேன். கணபதியில் ஒருவர் தொழிலை மூடுகிறார், நல்ல நாலரை அடி மெஷின், பெட் தேயவில்லை. ஏப்ரல் வரை வைத்திருக்கிறேன் என்றவரிடம் போய் முடியாது என்று சொன்னேன். முன்பணம் ஐந்தாயிரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அப்படியே திருப்பிக் கொடுத்தார். "காசு வந்தா வாங்க தம்பி, இது இல்லைன்னா வேறொண்ணு" என்றார். ஆகஸ்டில் அது வேறொருவருக்குப் போய்விட்டது. பொருளைப் பிடித்துச் சுழற்றும் சக் பகுதியைச் சுற்றிப் பார்த்தபோது பேரிங் சத்தமே இல்லாமல் ஓடிய மெஷின் அது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை.

திட்டத்தைச் சுருக்கினேன். பத்துக்குப் பதினாறு, பத்துக்குப் பதினான்கு ஆனது. தீபாவளி போனஸில், மழை ஓய்ந்ததும் டிசம்பரில் தளம் மட்டும் போட்டேன், 32,000. லேத் நிற்கப்போகும் இடத்தில் மட்டும் கனம் கூட்டி, கம்பி கட்டி, போல்ட்டுக்குக் குழி விட்டிருக்கிறேன். மூன்று பேஸ் இணைப்புக்கு ஒதுக்கியதையும் இப்போதைக்குத் தள்ளிவைத்தாயிற்று. லேத்தின் இரண்டு எச்.பி. மோட்டாரின் ஆறு முனையும் வெளியே இருந்தால், வயர் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்றி, ஒரு பேஸ் மின்சாரத்தை மூன்று பேஸாக்கித் தரும் டிரைவ் வைத்து ஓட்டலாம். சொந்த உபயோகத்துக்கு அது போதும். ஜாப் ஒர்க் எடுப்பதானால் வீட்டு இணைப்பில் ஓட்ட முடியாது, குறுந்தொழிலுக்கான தனி இணைப்பு வாங்க வேண்டும். அந்த வகையில் 12 கிலோவாட் வரை போகலாம். அது லேத் வந்த பிறகு.

இப்போது தளத்தின் மேல் தார்ப்பாய் விரித்த ஒரு மேஜையும், ஆறு அங்குல வைஸும் இருக்கின்றன. ஒரு டார்க் ரெஞ்சும் இருக்கிறது. ஹெட் போல்ட் இறுக்கும் அன்று மெக்கானிக்கிடம் இருந்தது சரியாகக் காட்டவில்லை என்று நானே வாங்கியது, 3,200 ரூபாய். அதை வண்டிக் கணக்கில் எழுதுவதா பட்டறைக் கணக்கில் எழுதுவதா என்று இன்னும் முடிவாகவில்லை.

வண்டி நிற்கும் இடத்தில் ராத்திரியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைக்கிறோம், டிவி வந்த பெட்டியைப் பிரித்தது. போன வாரம் வெளியே போய்விட்டு வந்து வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் மனைவி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அட்டையில் ஈரம். டார்ச் எடுத்துக்கொண்டு மண்டி போட்டுப் பார்த்தேன். இடப்பக்கம், முன்சீட்டுக்கு நேராக. தொட்டேன், மோந்தேன், டப்பாவில் மட்டத்தைப் பார்த்தேன், கோட்டிலேயே இருந்தது, பச்சையாக.

"என்னங்க?" என்றாள்.

"ஏசி தண்ணி."

அவள் நம்பவில்லை. தானும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.